பீடிங் மாற்றப் போகும் தம்பிக்கு



போன வாரம் போனில் கேட்டாய். "அண்ணே, போடியில ஒரு வீட்டுல ஷவர் கிளாஸ் டோருக்கு அடி பீடிங் மாத்தணும்னு கூப்பிட்டிருக்காங்க. கால் மணி நேர வேலைதானே?" நான் அப்போது கம்பத்தில் ஒரு மாடியில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆமா, கால் மணி நேரம்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சொன்ன பதில் அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். தேனிக்கும் குமுளிக்கும் நடுவில் கண்ணாடி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் எல்லாத் தம்பிகளும் இதைப் படிக்கலாம்.

கதவின் அடி விளிம்பில் மாட்டும் அந்த பிளாஸ்டிக் பீடிங்கைக் கழற்றிப் போடுவது கால் மணி நேர வேலைதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது வேறு வேலை. அதைச் செய்யாமல் பீடிங்கை மாற்றினால், ஒரு மாதத்தில் அதே வீட்டுக்கு மறுபடியும் போய் நிற்பாய். நான் போய் நின்றிருக்கிறேன்.

பல வருஷம் முன்பு, சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீடு. குளித்தால் படுக்கையறை வரை ஈரம் வருகிறது, நிலைக்கதவின் கால் ஊறிப்போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். அடி பீடிங் மஞ்சளாகி, விறைத்து, நடுவில் வெடித்திருந்தது. இதுதான் காரணம் என்று ஒரே பார்வையில் முடிவு கட்டிப் புதிது போட்டுவிட்டு வந்தேன். பத்து நாளில் கூப்பிட்டார்கள். இதழ் நீளமான வேறொரு பீடிங்கைப் போட்டேன். கதவு தரையில் உரசிக் கரகரவென்று இழுத்தது, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது முறை போனபோது அந்த வீட்டுப் பெரியம்மா என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கோலமாவு எடுத்து வந்தார். கதவுக்கு வெளியே தரையைத் துணியால் ஒற்றி எடுத்துக் காயவிட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை மாவை மெல்லிசாக ஒரே கோடாகத் தூவினார். "இப்பத் திறந்து விடு, எந்த எடத்துல மொத நனையுதுன்னு பாரு" என்றார்.

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவுக்கு நேர் கீழே மாவு வெள்ளையாகவே கிடந்தது. ஓரத்தில், ஹிஞ்ச் மாட்டியிருந்த அசையாத நிலைக் கண்ணாடிக்கு அடியில், ஒரு பொட்டு அளவுக்கு மாவு கறுத்தது. பொட்டு விரல் நீளமானது. விரல் நீளம் ஓடையானது. அங்கே அடியில் பதித்திருந்த கிரானைட் பட்டி வெளிப்பக்கம் வாட்டமாக, ஒரு நெல்மணி கனத்துக்குச் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கும் பட்டிக்கும் நடுவில் இருந்த சிலிக்கான் விட்டுப்போயிருந்தது. முதல் நாள் நான் போட்ட பீடிங்கில் ஒரு குறையும் இல்லை. நான்தான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா வயலில் மடை பார்த்து வளர்ந்தவர். நம் கம்பம் பள்ளத்தாக்கில் இது புதிதல்ல. 14,707 ஏக்கர் இருபோக நெல், தண்ணீரை எங்கே திருப்ப வேண்டும், எங்கே அடைக்க வேண்டும் என்று தெரிந்தவர்களால்தான் விளைகிறது. வரப்பில் நண்டு வளை இருந்தால் மடையை எத்தனை முறை கட்டினாலும் வயலில் தண்ணீர் நிற்காது. அவருக்குத் தெரிந்த அந்தச் சங்கதி, கையில் அளவுநாடா வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

கசிவு என்றதும் நம் ஊர்க்காரனுக்கு முல்லைப் பெரியாறு அணைதான் நினைவுக்கு வரும். 1895இல் திறந்த அணை. கல்லும் சுண்ணாம்பும் சுட்ட செங்கல் பொடியும் சேர்ந்த சுர்க்கிக் கலவையில் கட்டியது. கசியும் தண்ணீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். அதனால் 1930களில் அணையில் துளை போட்டு சிமென்ட் கரைசலை இறக்கினார்கள். 1979க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி வைத்தார்கள், இரும்புக் கம்பி வடங்களை அடிப்பாறை வரை இறக்கி இறுக்கினார்கள், பின்பக்கம் கான்கிரீட்டால் முட்டுக் கொடுத்தார்கள். இவ்வளவும் செய்த பிறகும் கசிவுநீரே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கண்காணிப்புக் குழு போகும்போதெல்லாம் அணைக்குள் இருக்கும் சுரங்கப் பகுதியில் இறங்கி, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று அளக்கிறார்கள். நீர்மட்டத்துக்கு அந்த அளவு பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். ஷட்டர்களை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். கசிவுக்கு ஒரு வழி வைத்து, அந்த வழியில் அதை அளக்கிறார்கள் பார், அதுதான் நம் தொழிலுக்கும் பாடம்.

கண்ணாடிக் கதவின் அடி பீடிங்கும் அப்படித்தான். அது தண்ணீரைத் தேக்குகிற அணை இல்லை. உள்ளே அரை அடி தண்ணீர் நின்றால் எந்த பீடிங்கும் தாங்காது. கண்ணாடியில் வழிந்து இறங்கும் தண்ணீரைச் சாய்ந்த இதழ் வழியாக உள்பக்கம் திருப்பி விடுவதும், தெறிக்கும் தண்ணீரைத் தடுப்பதும்தான் அதன் வேலை. மற்றதெல்லாம் தரையின் வாட்டமும் தண்ணீர் வெளியேறும் ஜாலியும் பார்த்துக்கொள்ள வேண்டியவை. ஆகவே வீட்டுக்குப் போனதும் கதவைத் தொடாதே. முதலில் ஜாலியைத் தூக்கிப் பார். முடியும் சோப்பு நுரையும் அடைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு ஷவரைத் திறந்து பார். நான் போன வீடுகளில் எத்தனையோ இடத்தில் வேலை அங்கேயே முடிந்திருக்கிறது. அப்படி முடிந்தால் வந்துபோன கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு வா. தேவையில்லாத பீடிங்கை அவர்கள் தலையில் கட்டாதே.

அடுத்தது ரசமட்டம். கதவுக்கு அடியில் உள்ள பட்டியில் குறுக்கே வை. உள்பக்கம் கொஞ்சமாவது சாய்ந்திருக்க வேண்டும். வெளியே சாய்ந்திருந்தால் அது கொத்தனார் வேலை, உன் பீடிங்கால் ஆகாது. அதை வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிடு. நம் பக்கத்துப் பழைய குளியலறைகள் முழுக்க நனைகிற மாதிரிக் கட்டியவை. தொட்டி, சொம்பு, துவைகல் என்று எல்லாம் ஒரே தரையில் இருக்கும், தண்ணீர் எங்கே போனாலும் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். அந்தத் தரையின் நடுவில் இன்று கண்ணாடியை நிறுத்துகிறோம். கண்ணாடிக்கு வெளியே உள்ள பாதித் தரையின் வாட்டம் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. நீ கேள்.

பிறகு இடைவெளி. கண்ணாடியின் அடி விளிம்பிலிருந்து பட்டி வரை மூன்று இடத்தில் அள: ஹிஞ்ச் பக்கம், நடு, கைப்பிடிப் பக்கம். மூன்றும் ஒன்றாக இருந்தால் நல்லது. கைப்பிடிப் பக்கம் குறைந்துகொண்டே வந்தால் கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். 75 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 10 எம்.எம். கனம் உள்ள ஒரு கதவு கிட்டத்தட்ட 37 கிலோ இருக்கும். அவ்வளவு எடையையும் இரண்டு ஹிஞ்ச் தாங்குகின்றன. திருகு இளகினால் கதவு இறங்கத்தானே செய்யும்? முதலில் ஹிஞ்சைச் சரிசெய்துவிட்டு மறுபடி அள. தொங்கின கதவுக்கு ஏற்ப பீடிங்கைச் சரிவாக அறுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்த வேலையை நீ செய்யாதே.

ஹிஞ்சைத் தொடும்போது தனியாக இருக்காதே. டஃபன்ட் கண்ணாடி 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்தது. தட்டையான பரப்பில் குத்தினால் தாங்கும், முனையில் ஒரு சின்ன அடி பட்டால் மொத்தமாகச் சோளப்பொரி மாதிரி உதிரும். அதை அறுக்கவோ தேய்க்கவோ துளை போடவோ முடியாது, அதெல்லாம் சூளைக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கழற்றிய கதவை வெறும் டைல்ஸ் மேல் நிறுத்தாதே. கீழே இரண்டு ரப்பர் துண்டோ மரக்கட்டையோ வை. செருப்பையும் கண்ணுக்குக் கண்ணாடியையும் கூச்சப்பட்டுக் கழற்றி வைக்காதே. வீட்டுக்குள் செருப்பு ஆகாது என்றால் வேலைக்கென்று தனியாக ஒரு ஜோடி ஷூ வைத்துக்கொள், துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பழைய பீடிங்கை ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதே, முனை கண்ணாடி விளிம்பில்தான் போய் நிற்கும். கைப்பிடிப் பக்கத்திலிருந்து விரலால் கீழே இழு. விறைத்துப் போயிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சில நிமிஷம் வை, இளகிவிடும். உள்ளே கண்ணாடி விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் இது கனமாகவே இருக்கும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடு. பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கமே போகாதே. அது ஹிஞ்சின் முலாமைத் தின்றுவிடும். தரை மார்பிளாக இருந்தால் வினிகரும் எலுமிச்சையும்கூடத் தரையில் சொட்டக்கூடாது, கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்.

கண்ணாடியின் கனத்தை வெர்னியரில் பார், கண்ணால் மதிப்பிடாதே. 8 எம்.எம். பீடிங்கை 10 எம்.எம். கண்ணாடியில் தட்டி ஏற்றினால் வாய் பிளந்துவிடும். 10ஐ 8இல் போட்டால் கதவைத் திறக்கும்போதே கழன்று விழும். இதழ், அளந்த இடைவெளியைவிட இரண்டு மூன்று எம்.எம். மட்டும் நீளமாக இருந்தால் போதும், பட்டியை வருடிக்கொண்டு போக வேண்டும். நீளத்தைக் கதவின் அகலத்தைவிட ஒரு நூல் குறைத்து அறு, இல்லாவிட்டால் ஹிஞ்ச் பக்கம் முட்டும். ஹேக்ஸா பிளேடில் அறுத்தால் பிசிறு வரும், அதை நைஸ் உப்புத்தாளில் தேய்த்துவிடு. சாய்ந்த இதழ் குளிக்கும் பக்கம் பார்த்து இருக்கிறதா என்று இரண்டு முறை பார். திருப்பிப் போட்டால் கண்ணாடியில் வழிகிற தண்ணீரை நீயே வெளியே அனுப்புகிறாய் என்று அர்த்தம். ஒரு முனையில் தொடங்கி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே மறு முனைக்குப் போ. பீடிங்குக்குள் சிலிக்கான் விடாதே. இன்னும் சில வருஷத்தில் அதுவும் விறைக்கும், மாற்ற வருகிற பையன் எப்படிக் கழற்றுவான்?

சிலிக்கான் தேவைப்படுவது நிலைக் கண்ணாடிக்கு. மார்பிள் தரை என்றால் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், நியூட்ரல் என்று கேட்டு வாங்கு. அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடியாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும் பூசு. உள்பக்கமும் அடைத்துவிட்டால் சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் திரும்பி உள்ளே போக வழி இருக்காது. மாட்டிக்கொண்ட தண்ணீர் எங்காவது வெளியே வந்துதான் தீரும். பூசிய பிறகு 24 மணி நேரம் குளிக்க வேண்டாம் என்று சொல். சொன்னால் மட்டும் போதாது, குழாயில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வா. வீட்டில் யாராவது மறந்துவிடுவார்கள்.

இவ்வளவு சொல்கிறேனே, ஒரு முழம் பிளாஸ்டிக்குக்கா என்று உனக்குத் தோன்றலாம். அந்தப் போடி வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டாயா? கதவுக்கு வெளியே பளபளப்பான டைல்ஸில் ஒரு கை அகலம் ஈரம் இருந்தால் போதும். விடியற்காலையில் எழுந்து வருகிற ஒரு பெரியவர் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். பல பேர் அதற்குப் பிறகு நடமாடுவதே இல்லை. நம்மை அழைப்பவர்கள் தரை நனைகிறது என்றுதான் சொல்வார்கள். யார் வழுக்கி விழப் பார்த்தார்கள் என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். அந்தச் சின்னமனூர் வீட்டில் பெரியம்மா ஒரு முறை சுவரைப் பிடித்துத் தப்பித்திருந்தார். மூன்றாவது முறை போனபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

வேலை முடிந்ததும் உடனே கிளம்பாதே. ஷவரைக் கதவின் மேல் நேராகத் திருப்பிவிட்டு, வெளியே வந்து, தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பார். வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வை. எந்த இடம் நனைந்தாலும் உன் வாயாலேயே சொல். நனையவில்லை என்றால், பழைய பீடிங்கை அவர்களிடம் காட்டிவிட்டு, கண்ணாடியின் கனத்தையும் இடைவெளியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வா.

திங்கட்கிழமை போடிக்குப் போகிறாய். வெர்னியர், ரசமட்டம், இரண்டு ரப்பர் கட்டை எடுத்துக்கொள். கூடவே கடையில் ஒரு பாக்கெட் கோலமாவு வாங்கிப் பையில் போட்டுக்கொள். போய்ப் பார்த்துவிட்டு, முதலில் எந்த இடம் நனைந்தது என்று எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
உன் அண்ணன்
கம்பம்