உழைக்கும் ஆற்றல் தேயாதிருக்க

ஜெஞ்சாரோம் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும் தொழிலாளி, இருபது வயதில் சளைக்காமல் செய்த வேலையை நாற்பத்தைந்து வயதில் செய்யத் திணறுகிறார். "வயதாகிவிட்டது" என்று கூறி நாம் அமைதி அடைகிறோம். வயது மட்டுந்தானா காரணம்? வேலை நடைபெறும் சூழலுக்கும் இதில் பங்குண்டு.

அண்மையிலுள்ள கிள்ளானே இதற்குச் சான்று. 1901-ஆம் ஆண்டில் அங்குப் பொறுப்பேற்ற அரசு மருத்துவர் மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலால் மக்கள் வீழ்வதைக் கண்டார். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. மக்களின் உடல் மாறவில்லை, சூழல் மாறிற்று.

காய்ச்சல் விரைந்து வீழ்த்தும். வேலையின் பளுவோ மெல்லத் தேய்க்கும். பின்லாந்து நாட்டில் 1981 முதல் 1992 வரை நடுத்தர வயதுடைய நகராட்சி ஊழியர்களை ஆய்வாளர்கள் கவனித்து வந்தனர். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தவர்களிடமும், மேலதிகாரி நல்ல முறையில் நடத்தியவர்களிடமும், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களிடமும் உழைக்கும் ஆற்றல் மேம்பட்டிருந்தது.

இப்பாடம் நமக்கும் பொருந்தும். நீண்ட கோலில் பூட்டிய அரிவாளை அண்ணாந்து இழுப்பது கழுத்தையும் தோளையும் வருத்தும். முதிர்ந்த மரத்தின் குலை இருபது கிலோவுக்கு மேலும் எடையிருக்கும். குனிந்து தூக்கினால் இடுப்பு நோகும். ஆகவே அரிவாளை நாள்தோறும் தீட்டுதல் வேண்டும். மழுங்கிய அரிவாள் கூடுதல் வலிமையைக் கேட்கும். முழங்காலை மடக்கி, குலையை உடலோடு அணைத்துத் தூக்குதல் நன்று. தாகம் எடுக்கும் முன்பே நீர் அருந்துக. தள்ளுவண்டி செல்லும் பாதையைச் சீராக வைப்பது நிர்வாகத்தின் கடமை. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காமல், அரை மணி நேரமேனும் ஓய்வு தர வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் பொது விதி.

கூலி குறையுமே என்று வலியை மறைப்போர் நம்மிடையே பலர். இன்று மறைத்த வலி, பின்னர் பல ஆண்டுக் கூலியைப் பறிக்கக்கூடும். வலி தொடங்கியதும் மண்டோரிடம் கூறி, மருந்தகத்தில் பதிவு செய்து கொள்வோம். வேலையால் வந்த நோய்க்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோவிடம் உதவி கோர அப்பதிவே துணை நிற்கும்.

அரிவாள் தேய்ந்தால் வேறொன்று வாங்கலாம்; தோள் தேய்ந்தால் வாங்குவதற்கு இடமில்லை.