மாத்திரை அட்டையைப் படிப்போம்

சரோஜினி நகர் விநாயகர் கோயிலில் பெரியவர்கள் கூடினால் பேச்சு பிரஷர், சுகர் மாத்திரைகளின் விலையில்தான் வந்து நிற்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். உண்டு, என்னைப் போன்றவர்களுக்கு ரயில்வே மருத்துவமனை. தனியார் வேலையிலுள்ள பிள்ளைகளோடு வந்து தங்கும் பெற்றோருக்கு? மெடிக்ளெய்ம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் கைக்காசுதான். செலவுக்கு அஞ்சி ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவோரும் உண்டு. அது ஆபத்து.

மாத்திரைக்கு இரண்டு பெயர்கள்: கம்பெனி வைத்த பெயர், மருந்தின் மூலப்பெயர். குரோசின், கால்பால் இரண்டிலும் இருப்பது பாரசிட்டமால்தான். ஒரே வரைபடப்படி எந்தத் தொழிற்சாலை செய்த உதிரிபாகமும் ரயில் பெட்டியில் பொருந்துவதில்லையா, அதுபோல. மூலப்பெயரிலேயே மலிவாக விற்பது ஜெனரிக். இதற்கான முதல் ஜன் ஔஷதி கடை 2008-ல் அமிர்தசரஸில் திறக்கப்பட்டது. இன்று நாடெங்கும் உள்ளன. பல மருந்துகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. தமிழகத்தில் 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்கள் தொடங்கின.

கவனிக்க வேண்டியவை:

1. டாக்டரிடம் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. மூலப்பெயர், மில்லிகிராம், எஸ்.ஆர். போன்ற எழுத்துகள், காலாவதித் தேதி ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

3. வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் சிறு வித்தியாசமும் பாதிக்கும். டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

4. பழைய மாத்திரையையும் புதியதையும் சேர்த்து விழுங்கினால் இரட்டை அளவு ஆகிவிடும்.

இன்றே வீட்டிலுள்ள அட்டைகளை எடுத்துப் பாருங்கள். இரண்டு அட்டைகளில் ஒரே மூலப்பெயர் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.