மூச்சை எண்ணுங்கள்: ஆபத்தை முன்கூட்டியே அறியும் வழி

நோயாளியின் உடல்நிலை மோசமடையத் தொடங்கும்போது, இரத்த அழுத்தம் குறைவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சின் வேகம் மாறிவிடும். இதை அறியக் கடிகாரம் ஒன்றே போதும். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எனவே, ஏலத்தோட்டங்களில் வாழ்வோர் புறப்பட வேண்டிய நேரத்தை முன்கூட்டியே உணர்வது இன்றியமையாதது.

எண்ணும் முறை

நோயாளி ஓய்வாக இருக்கும்போது, எண்ணுவதை அவரிடம் சொல்லாமல், மார்பு உயர்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25 அல்லது அதற்கு மேல், 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து. 2 மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தைக்கு 50, ஒன்று முதல் 5 வயது வரை 40 என்ற அளவை எட்டினாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, விலா எலும்புகளின் இடைவெளி உட்குழிதல், உதடு நீலமாதல், மனக்குழப்பம் ஆகியவையும் அவசர அறிகுறிகளே. குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஆக்சிமீட்டர் தவறாகக் காட்டக்கூடும்.

ஏமாற்றும் அமைதி

இளைப்புடன் போராடியவர் திடீரென அடங்கி, அரைத்தூக்கத்தில் ஆழ்ந்தால் அதை நலமென்று கருதாதீர்கள். மூச்சுத் தசைகள் களைத்து, இரத்தத்தில் கரியமில வாயு தேங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். “தூங்கட்டும், விடிந்ததும் பார்க்கலாம்” என்ற முடிவு உயிரைப் பறிக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

• 108-ஐ உடனே அழையுங்கள்.
• நோயாளியை நிமிர்த்தி, சற்று முன்சாய்ந்தவாறு அமர வையுங்கள். மல்லாந்து படுக்க வைக்காதீர்கள்.
• மருத்துவர் முன்பே பரிந்துரைத்த இன்ஹேலரைக் கொடுங்கள். உணவோ நீரோ புகட்டாதீர்கள்.
• நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு வீட்டு ஆக்சிஜன் அளவை நீங்களாகவே உயர்த்தாதீர்கள். அது கரியமில வாயுவை மேலும் தேக்கக்கூடும்.
• நினைவிழந்தும் மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
• பூச்சிமருந்து தெளித்தபின் எச்சிலும் வியர்வையும் பெருகித் திணறினால், கையுறை அணிந்து உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மருந்தின் பெயர்ச்சீட்டைத் தவறாமல் கொண்டுவாருங்கள்.

எண்ணியதை நேரத்துடன் எழுதி வையுங்கள். “இரவு 9 மணிக்கு 18, 11 மணிக்கு 26” என்னும் குறிப்பு, நோய் எவ்வளவு விரைவாக முற்றுகிறது என்பதை மருத்துவருக்கு உடனே உணர்த்தும்.