பழைய நிலவா? புதிய நிலவா?

சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும். காலத்துக்குக் காலம் மாறும். அம்மா விரும்பிக் கேட்கும் பாட்டு நமக்குச் சலிப்பூட்டுகிறது. நாம் விரும்பும் பாட்டைக் கேட்டு அப்பா, “இது பாட்டா, இரைச்சலா?” என்கிறார். இதே வழக்கு ஜப்பானியச் சித்திரத் தொடர்களின் ரசிகர்களிடையேயும் நெடுநாளாக நடந்து வருகிறது. இத்தொடர்களை ‘அனிமே’ என்பர். பெற்றோரே, இது உங்களுக்குப் புதிதன்று! 1993-இல் தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் ஓடிவந்த மௌக்லியும் ஜப்பானில் வரையப்பட்டவனே.

இக்கட்டுரை ஒரு சண்டையில் பிறந்தது. ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில் எங்கள் தோழியர் இருவர் ‘செய்லர் மூன்’ பற்றிப் பேசத் தொடங்கினர். ஒருத்தி 1992-இல் தொடங்கிய பழைய தொடரைத் தன் சித்தியோடு பார்த்து வளர்ந்தவள். மற்றவள் 2014-இல் வந்த ‘செய்லர் மூன் கிரிஸ்டல்’ என்னும் புதிய தொடரை மட்டுமே அறிந்தவள். “உன் பழைய தொடரில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்” என்றாள் இவள். “புதியதில் உயிரே இல்லை. அதைப் பார்ப்பவள் ரசிகையே அல்ல” என்றாள் அவள். அதன்பின் இரண்டு வாரம் இருவரும் பேசவில்லை. இருவருக்கும் ஒரே பெஞ்சு! நடுவில் அமர்ந்த நாங்கள்தாம் ரப்பரையும் ஸ்கேலையும் மாற்றி மாற்றிக் கொடுத்துத் தூது போனோம்.

இதைக் கவனித்த எங்கள் வகுப்பு சிஸ்டர் இருவரையும் அழைத்து, “ஒருத்தி பார்த்ததை மற்றவள் பார்த்ததுண்டா?” என்று கேட்டார். இருவரும் தலைகுனிந்தனர். “பார்க்காமலே தீர்ப்பு எழுதலாமா? ஏன் அப்படி எடுத்தார்கள் என்று முதலில் தேடிப் படியுங்கள்” என்றார். அவ்வாறே நாங்கள் ஐவர் கூடித் தேடினோம். கண்டவற்றை இங்கே தருகிறோம்.

கையால் வரைந்த காலம்

1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசூகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒன்றுக்கு அரை மணி நேரச் சித்திரத் தொடர் என்பது அந்நாட்டில் அதுவே முதல். திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். சட்டத்துக்கு ஒரு படம் வரைவதானால் ஒரு நிமிடத்துக்கே 1,440 படங்கள் வேண்டும். ஒரு வாரத்தில் இது ஆகிற காரியமா? எனவே மூன்று சட்டங்களுக்கு ஒரு படம் என வரைந்தனர். முகத்தை அசைக்காமல் உதட்டை மட்டும் அசைத்தனர். ஒருமுறை வரைந்த காட்சியை எடுத்துவைத்து மீண்டும் பயன்படுத்தினர்.

ஒவ்வொரு படத்தையும் கண்ணாடி போன்ற மெல்லிய தாளில் கோடிட்டு, அதன் பின்புறம் வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துக் காமிராவால் ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். பழைய செய்லர் மூனில் உசாகி என்னும் சிறுமி வீராங்கனையாக உருமாறும் காட்சி அடிக்கடி வருவதற்கும் இச்சிக்கனமே ஒரு காரணம். நாங்கள் சோம்பல் என்று நினைத்தது சோம்பலன்று. வாரந்தோறும் கதை சொல்லக் கண்டுபிடித்த வழி.

ஒரே ஞாயிறு, இரு தொடர்கள்

ரசிகர் பிரிவினை இன்று முளைத்ததும் அன்று. 1974-இன் இறுதியில் ஜப்பானில் ஞாயிறு மாலை ஏழரை மணிக்கு இரு தொடர்கள் எதிரெதிர் அலைவரிசைகளில் வந்தன. ஒன்று, ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ‘ஹைடி’. இதை இயக்கியவர் இசாவோ தக்காஹாட்டா; காட்சிகளை அமைத்துக் கொடுத்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி. மற்றொன்று ‘யமாட்டோ’ என்னும் விண்வெளிப் போர்க்கப்பலின் கதை. ஒரே தொலைக்காட்சிப் பெட்டியுள்ள வீட்டில் எதைப் பார்ப்பது என்று சண்டை வந்திருக்காதா? ஹைடி 52 பகுதிகள் ஓடியது. யமாட்டோ போதிய பார்வையாளர் இன்றி 26 பகுதிகளோடு முடிந்தது. ஆனால் 1977-இல் அதைத் தொகுத்துத் திரைப்படமாக வெளியிட்டபோது இளைஞர்கள் இரவிலேயே திரையரங்கு வாசலில் வரிசையில் நின்றனர்.

1979-இல் தொடங்கிய ‘கண்டம்’ என்னும் தொடரும் எண்ணியபடி ஓடாமல் 43 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. 1981-இல் அதுவும் திரைப்படமாகிப் பெரும் புகழ் பெற்றது. இன்று ‘பழைய பொன்’ என்று போற்றப்படும் இவை, வந்த புதிதில் வேண்டாதவையாக இருந்தவை என்பதை எண்ணிப் பாருங்கள்!

கணினி வந்த காலம்

1990-களின் இறுதியிலிருந்து கணினியில் வண்ணம் தீட்டும் முறை பரவியது. 1969 முதல் நடந்துவரும் ‘சசாயே-சான்’ என்னும் குடும்பத் தொடர் மட்டும் நெடுநாள் தாளையும் தூரிகையையும் விடாதிருந்தது. அதுவும் 2013-இல் முழுவதும் கணினிக்கு மாறிற்று. படம் தெளிவாயிற்று; காமிரா பறவைபோல் சுற்றிவர முடிந்தது. ஆனால் கைவண்ணத்தின் மென்மையும் சுருளின் மணல்போன்ற தன்மையும் மறைந்தன. பழைய ரசிகர்கள் ஏங்குவது இதற்காகத்தான்.

தொடரின் நீளமும் மாறியது. முன்பு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஐம்பது பகுதிகள் வருவது வழக்கம். இப்போது பல தொடர்கள் 12 அல்லது 13 பகுதிகளில் நின்றுவிடுகின்றன. ஆகவே கதை விரைகிறது. புதியவை சுவையற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. 2001-இல் வெளிவந்த மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ ஜப்பானில் படைத்த வசூல் சாதனையை 2020-இல் முறியடித்தது ‘டீமன் ஸ்லேயர்’ திரைப்படமே.

இரு நிலவுகள்

இனி எங்கள் சண்டைக்கு வருவோம். நவோகோ தக்கேயுச்சியின் சித்திரக்கதை மாத இதழில் வந்துகொண்டிருந்தபோதே பழைய தொடர் வாரந்தோறும் ஒளிபரப்பாயிற்று. கதை தீர்ந்துவிடாதிருக்க, மூலத்தில் இல்லாத நிகழ்ச்சிகளைச் சேர்த்தனர். இவ்வாறு அது 200 பகுதிகளாக வளர்ந்தது. உசாகி எழ நேரமாகிப் பள்ளிக்கு ஓடுவதும், தேர்வில் மதிப்பெண் குறைந்து அழுவதும் (எங்களைப் போலவே!) விரிவாக வர இடம் கிடைத்தது. புதிய தொடரோ, முற்றுப்பெற்ற கதையைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தை ஒட்டிச் சென்றது. அதில் கதை சிதறவில்லை. ஆனால் முகங்கள் சரியாக வரையப்படவில்லை என்று பலர் குறை கூறினர். 2016-இல் வந்த மூன்றாம் பருவத்தில் இயக்குநரும் மாறினார், உருவங்களும் மாறின.

இரண்டையும் ஐவரும் சேர்ந்து பார்த்தோம். தோழியர் இருவரும் தத்தம் விருப்பத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று சொல்லாததை இப்போது சொன்னார்கள். முதல் தோழியின் சித்தி திருமணமாகித் தொலைவூர் சென்றுவிட்டார். பழைய தொடரைக் குறை கூறியது சித்தியையே குறை கூறியதுபோல் இருந்ததாம். மற்றவள் 2020-இல் பள்ளிகள் மூடியிருந்த நாட்களில், பேச்சுத்துணை இல்லாமல் புதிய தொடரைப் பார்த்தவள். அந்த ஐந்து வீராங்கனையரே அப்போது அவளுக்குத் தோழியர். “நீ ரசிகையே அல்ல” என்ற சொல் ஏன் அவ்வளவு சுட்டது என்று அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று.

ஆகவே, நாங்கள் கற்ற பாடம் இது. படத்தின் நிறை குறைகளைத் தாராளமாக வாதிடலாம். அதற்குப் பார்த்திருக்கவும் படித்திருக்கவும் வேண்டும். ஆனால் ஒருவர் எதை, எப்போது, யாரோடு பார்த்து நேசித்தார் என்பதில் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இறுதியாக ஒன்று. பழைய உசாகிக்கும் புதிய உசாகிக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே. அவர் கொட்டோனோ மிட்சுயிஷி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது, இது பழைய நிலவா, புதிய நிலவா என்று எங்கள் தோழியர் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. ரப்பரும் ஸ்கேலும் இப்போது தூது இல்லாமலே கைமாறுகின்றன.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு