உறக்கத்தில் இதயம் எழுதும் கணக்கு

சென்ற ஆண்டு, வைப்புத்தொகையைப் புதுப்பிப்பதற்காக எங்கள் மாட்டுங்கா கிளைக்கு வந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர், வேலை முடிந்ததும் தம் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் அவர் உறங்கும்போது அளந்த 'எச்.ஆர்.வி.' எண் அதில் இருந்தது. பல மாதங்களாக 28-ஐ ஒட்டி நின்ற அந்த எண், ஒரு வாரமாக 90-ஐத் தாண்டியிருந்தது. "காலை நடையின் பலன், சார்" என்றார். கூடினால் நல்லது என்று எங்கோ படித்திருந்த நானும் கைகுலுக்கி வாழ்த்தினேன். அந்த வாழ்த்துக்காகப் பின்னர் வருந்த நேர்ந்தது. காரணத்தைக் கூறுமுன், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம்.

நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இதயம், விநாடிக்கு ஒரு முறை என்று கடிகாரம்போல் துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. மூச்சோடு இணைந்த இந்த ஏற்ற இறக்கத்தை ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847-ஆம் ஆண்டிலேயே பதிவுசெய்தார். இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதே எச்.ஆர்.வி. ஆகும். தமிழில் 'இதயத் துடிப்பு மாறுபாடு' எனலாம். இதன் அலகு மில்லி விநாடி.

வணிகவியல் படித்தவனுக்கு ஒரு கணக்குப் போட்டால்தான் மனம் ஆறும். ஒருவரின் அடுத்தடுத்த ஐந்து இடைவெளிகள் 940, 990, 960, 1010, 970 மில்லி விநாடிகள் என்று கொள்வோம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடுகள் 50, 30, 50, 40. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 7500. நான்கால் வகுத்தால் 1875. வர்க்கமூலம் ஏறத்தாழ 43. இதுவே 'ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.' எனப்படும் அளவு. இன்னொருவருக்கு 972, 976, 973, 975, 974 என இருக்கட்டும். இருவருக்கும் சராசரி இடைவெளி 974தான். நாடித்துடிப்பும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 62தான். ஆனால் இரண்டாமவரின் மாறுபாடு 3-ஐக்கூட எட்டாது. சராசரி இருப்பு ஒன்றாக உள்ள இரு கணக்குகளில் வரவு செலவு முற்றிலும் வேறாக இருப்பதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா?

இந்த மாறுபாட்டைப் பெரும்பாலும் உண்டாக்குவது, மூளையிலிருந்து இதயத்திற்கு இறங்கும் வேகஸ் நரம்பு. உடல் இளைப்பாறும்போது அதன் ஆட்சி ஓங்குகிறது. அச்சம், வலி, காய்ச்சல், கடும் உழைப்பு ஆகியவற்றின்போது ஒடுங்குகிறது. பகலில் படியேறுவதும் தேநீர் அருந்துவதும் எண்ணைக் குலைத்துவிடும். ஆகையால்தான் கருவிகள் உறக்கத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. எனினும் இரவு முழுவதும் ஒரே சீராக அமைவதில்லை. முன்னிரவில் மிகுந்துள்ள ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சும் துடிப்பும் அமைதியாக ஒத்திசைகின்றன. பின்னிரவில் கனவு மிகுந்த உறக்கம் கூடும்போது துடிப்பு அலைபாய்கிறது.

மும்பை வாழ்க்கைக்கு இங்கே ஒரு சொல். லோக்கல் ரயிலில் செம்பூர் வந்திறங்கி, இரவு பதினொரு மணிக்கு வயிறு நிறைய உண்டு உடனே படுப்பவரின் முன்னிரவு செரிமானத்திலேயே கழிகிறது. மறுநாள் எண் குறைந்திருந்தால் வியப்பில்லை. மது அருந்திய இரவிலும், மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறி நின்றுபோன இரவிலும் அப்படியே. தாராவியின் சிறு பட்டறைகளில் இரவுப் பணி செய்து பகலில் உறங்குவோர், தம் எண்ணைத் தம் பழைய எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். உண்மையில் அது எல்லோருக்கும் பொருந்தும். வயது ஏற ஏற இந்த அளவு இயல்பாகவே இறங்கும். முப்பது வயது மகனின் 65-ஐக் கண்டு அறுபது வயதுத் தந்தை தம் 25-க்காகக் கவலைப்படலாகாது.

கருவிக்குக் கருவி ஒப்பிடுவதும் தவறு. ஆப்பிள் கைக்கடிகாரம் தருவது எஸ்.டி.என்.என். என்னும் வேறு அளவு. ஊரா மோதிரமும் ஃபிட்பிட்டும் தருவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் ஒரே பத்தியில் எழுதுவதற்கு இது நிகர். மேலும், இவை தோலுக்குள் ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தைக் கணிப்பவை. பட்டை தளர்ந்தாலே கணக்குப் பிசகும். மருத்துவ ஆய்வின் அடிப்படை இ.சி.ஜி. பதிவாகும். 1987-இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வொன்று, மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரை ஆராய்ந்து, மாறுபாடு 50 மில்லி விநாடிக்கும் குறைந்தோரிடையே, 100-க்கும் மேல் இருந்தோரைவிட இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் என்று கண்டது. அது 24 மணி நேர இ.சி.ஜி. பதிவில் கண்ட எஸ்.டி.என்.என். அளவு. மோதிரம் காட்டும் எண்ணை அதனருகே வைத்து அஞ்சுவோர் பலர், தேவையில்லை.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் இத்துறையில் உழைத்திருக்கிறது என்பதை நம்மவர் பலர் அறியார். அங்குள்ள மின்னணுப் பிரிவினர், நாடி அலையைப் பதிவுசெய்து அதன் மாறுபாடுகளைப் பகுத்தாயும் கருவிகளை உருவாக்கினர். மூன்று விரல் வைத்து நாடி பார்த்த நம் சித்த மருத்துவர்கள் வேகத்தோடு நில்லாமல் நடையையும் கவனித்தார்கள் என்பது நினைவுக்கு வருகிறது.

இனி அந்த வாடிக்கையாளருக்கு வருவோம். மாறுபாடு கூடுவது நல்லது என்பது, இதயம் ஒழுங்கான தாளத்தில் இருக்கும்வரை மட்டுமே உண்மை. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்று அதிர்கின்றன. துடிப்புகளின் இடைவெளி தாறுமாறாகிறது. கணக்கிடும் கருவிக்கு ஒழுங்கின்மையும் மாறுபாடாகவே தெரியக்கூடும்; எண் எகிறிவிடும். மூன்று வாரம் கழித்து அவர் மகன் வங்கிக்கு வந்தபோது விவரம் தெரிந்தது. படியேறுகையில் மூச்சு வாங்கியதால் குடும்ப மருத்துவர் இ.சி.ஜி. எடுக்க, இந்நோய் வெளிப்பட்டது. மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்கும் மருந்து தொடங்கப்பட்டது. நான் கைகுலுக்கிய வாரத்திலேயே அவர் மருத்துவரிடம் சென்றிருக்க வேண்டும்.

இப்போது என்னிடம் எவரேனும் இந்த எண்ணைக் காட்டினால் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: கடந்த சில வாரங்களின் வழக்கமான அளவு என்ன? திடீரென மேலேயோ கீழேயோ தாவியிருந்தால், உடன் படபடப்பு, மயக்கம், மூச்சிரைப்பு உண்டா? உண்டென்றால் அன்றே மருத்துவரிடம் செல்லுமாறு கூறுகிறேன். அறிகுறி ஏதுமின்றி எண் மட்டும் தாவிப் பல இரவுகள் அப்படியே நின்றாலும் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடச் சொல்கிறேன், செலவு அதிகமன்று.

அண்மையில் அந்தப் பெரியவர் 15எச் படிவம் கொடுக்க வந்தார். கைக்கடிகாரத்தைக் காட்டவில்லை. படிவம் இருந்த உறையிலிருந்தே இ.சி.ஜி. தாளின் நகலை எடுத்து மேசைமேல் வைத்து, "இதைப் படிக்கத் தெரியுமா, சார்?" என்றார். தெரியாது என்றேன்.