திசைவிக்கும் மறதி உண்டு

சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம், தேக்காவில் மாமாவின் கடைக்கு ஒரு பழைய சிஸ்கோ ரவுட்டரை, அதாவது திசைவியை, அமைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே தொலைபேசி. "மருமகனே, கார்டு மிஷின் ஓடல! கடையில கூட்டம் நிக்குது!" இரவில் யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். நான் செய்த அமைப்பு முழுவதும் போய்விட்டது.

காரணம் திசைவியின் நினைவகத்தில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் ரோமில் உள்ள நிரல் வன்பொருளைச் சோதிக்கும்; பிறகு ஃபிளாஷிலிருந்து ஐஓஎஸ் எனும் இயங்குதளத்தை எழுப்பும். அடுத்து, என்வி-ரேமில் சேமித்து வைத்த அமைப்பு ரேமுக்கு வரும். நாம் தட்டும் கட்டளைகளோ நேரே ரேமில்தான் உட்காருகின்றன. மின்சாரம் போனால் அவையும் போகும்.

மடிக்கணினியைக் கான்சோல் கேபிளால் இணைத்து, வேகத்தை 9600 என்று வைத்தேன். முதலில் '>' குறி வரும். அதில் பெரும்பாலும் பார்க்க மட்டுமே முடியும். 'எனேபிள்' என்று தட்டினால் '#' வரும். 'கான்ஃபிகர் டெர்மினல்' தட்டிய பிறகே அமைப்பை மாற்றலாம். கடைசியாக, 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்'. முதல் நாள் நான் விட்டது இந்த ஒரு வரியைத்தான். (தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாட்டை ஒரு வரி விடாமல் ஒப்பித்தவன்!)

எல்லாவற்றையும் மறுபடி தட்டி, சேமித்து, இம்முறை நானே சுவிட்சை அணைத்துப் போட்டேன். சில நிமிடங்களில் கார்டு மிஷின் ஓடியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.