தந்தியா, நரம்பா?

இந்த முறை ஒரே ஓர் ஆங்கில மரபுத்தொடரைப் பார்ப்போம்: 'ஸ்ட்ரைக் எ கார்ட்'.

பொருள்: கேட்டதோ படித்ததோ மனசைத் தொட்டு, 'அட, இது நம்ம கதை மாதிரியே இருக்கே!' என்று உணர வைப்பது.

இங்கே 'கார்ட்' என்பது இசைக்கருவியின் தந்தி. பொறியியல் மாணவனான எனக்கு உடனே ஞாபகம் வருவது ஒத்ததிர்வுப் பாடம்தான். ஒரே சுருதியில் கூட்டிய இரண்டு தந்திகளைப் பக்கத்தில் வைத்து ஒன்றை மீட்டினால், தொடாமலேயே மற்றதும் லேசாக அதிரும். சுருதி மாறியிருந்தால் அப்படி அதிராது. மனசும் அப்படித்தாங்க. கேட்பவரிடம் அந்தத் தந்தி முன்பே இருக்கணும்.

பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பாட்டியைப் பற்றி ஒரு தங்கை வகுப்பில் ஆங்கிலத்தில் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மலாய், சீன நண்பர்களும் தங்கள் பாட்டியை நினைத்துக் கண்கலங்கினால், இப்படிச் சொல்லலாம்: 'ஹெர் ஸ்பீச் ஸ்ட்ரக் எ கார்ட் வித் த கிளாஸ்.'

பயன்படுத்தும் முறை:

1. இறந்தகாலத்தில் 'ஸ்ட்ரைக்', 'ஸ்ட்ரக்' ஆகும்.
2. யார் மனசைத் தொட்டதோ, அவருக்கு முன்னால் 'வித்' போடணும்.
3. 'கார்ட்' எழுதும்போது 'எச்' எழுத்தை விட்டுடாதீங்க. விட்டால் அது வெறும் கயிறு!

கவனம்: 'டச் எ நெர்வ்' என்று இன்னொரு தொடர் இருக்கு. தமிழில் யாழின் தந்தியையும் 'நரம்பு' என்றுதான் சொல்வோம், உடம்பில் ஓடுவதையும் 'நரம்பு' என்றுதான் சொல்வோம். அதனால் நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'நெர்வ்' என்றால் வலிக்கிற இடம். எஸ்.பி.எம். தேர்வில் சறுக்கிய நண்பனிடம் எல்லார் முன்னாலும் 'எத்தனை ஏ?' என்று கேட்டால், அவனுக்குச் சுருக்கென்று தைக்குமே, அதுதான் 'டச் எ நெர்வ்'. நல்ல உரையாற்றிய ஒருவரைப் பாராட்டப் போய் இந்தத் தொடரைச் சொன்னால், 'நான் யாரையாவது புண்படுத்திட்டேனா?' என்று அவர் கலங்கிப் போவார்.

தந்தியைத் தொட்டாலும் நரம்பைத் தொட்டாலும் மனசு அதிரத்தான் செய்யும். முன்னதில் 'நீ தனியாள் இல்லை' என்ற ஆறுதல் கிடைக்கும். பின்னதில் வலிதான் மிஞ்சும். பேசுவதற்கு முன் எதிரில் இருப்பவர் யார், எதைச் சுமக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசிப்போம்.

பயிற்சி: கீழ்க்கண்டவற்றில் 'கார்ட்' எது, 'நெர்வ்' எது?

அ) வேலை இழந்த மாமாவிடம், 'இப்போ எங்கே வேலை?' என்று விருந்தில் கேட்பது.

ஆ) வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், அம்மா சமையலைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு உடனே வீட்டுக்குப் போன் போடுவது.